வேலை முடிந்து வந்த பிறகு பூக்கும் பூக்கள்

(கூட்டமைப்பின் பொதுக்கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை. உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே அச்சிடுகிறோம்.)



எப்போதும் இந்த நேரத்தில் நாங்கள் எழுந்து நின்றால் சேமிப்பு, தவணை, வருகைப் பதிவு, தணிக்கை என்றுதான் பேசுவோம். "இன்னைக்கும் அதுதானா" என்று பின்வரிசையில் இரண்டு பேர் பார்ப்பது தெரிகிறது. இன்றைக்கு அது இல்லை. இன்றைக்குப் பூச்செடி பற்றிப் பேசப்போகிறோம். அதுவும் சாயங்காலம் விரிந்து ராத்திரி மணக்கிற பூச்செடி. சிரிக்கிறீங்க. சிரிங்க, பரவாயில்லை. முதலில் சிரித்தவர்கள் நாங்கள்தான். அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறோம்.

குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட் லைனில் நம் குழு ஒன்று இருக்கிறது. பதினான்கு பேர். எல்லோரும் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மாதக் கூட்டத்தில், ஓர் அக்கா உள்கடன் 600 ரூபாய் கேட்டாங்க. எதற்கு என்று ஊக்குநர் கேட்டாங்க. "பூ விதை வாங்க, சுவரோரம் ஒரு பலகை அடிக்க" என்று பதில் வந்தது. அவ்வளவுதான், குழுவே சிரித்துவிட்டது. "அரிசிக்குக் கடன் கொடுத்திருக்கோம், ஆஸ்பத்திரிக்குக் கொடுத்திருக்கோம், பிள்ளைங்க ஃபீசுக்குக் கொடுத்திருக்கோம். பூவுக்கா கடன்?" என்று ஒருவர் கேட்டார். நாங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "இது உற்பத்திக் கடனா, குடும்பச் செலவுக் கடனா, நோட்டில் எதில் எழுதுறது?" என்று கேட்டு நாங்களும் சேர்ந்து சிரித்தோம். அந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை. "சரி, விடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பேசச் சொன்னாங்க. தீர்மான நோட்டில் அது ஏறவே இல்லை.

அந்த அக்காவுக்குக் கணவர் இறந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. இதை ஏன் சொல்கிறோம் என்று பிறகு வரும்.

ஒரு வருடம் கழித்து அதே குழுவின் கூட்டம் அவங்க வீட்டு வாசலில் நடந்தது. எல்லோரும் வேலை முடிந்து வந்து சேர ஆறு மணி ஆகிவிட்டது. சேமிப்பை எண்ணி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. கணக்கு 20 ரூபாய் இடித்தது. மறுபடி எண்ணினோம். அப்போது எங்கிருந்தோ ஒரு வாசனை வந்தது. மல்லிகை இல்லை. ஏலக்காயா, கிராம்பா, என்னவென்று சொல்லத் தெரியாத ஒரு வாசனை. எண்ணிக்கொண்டிருந்த பிரதிநிதி பணத்தைக் கீழே வைத்துவிட்டு, "இது எங்கேர்ந்து வருது?" என்று கேட்டாங்க. சுவரோரம் பழைய பெயிண்ட் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. பகலில் அந்த வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறோம். வாடிப்போன செடி மாதிரிதான் தெரியும். ராத்திரியில் பார்த்தால் அத்தனையும் பூ.

அன்றைக்குத்தான் ஒரு விஷயம் உறைத்தது. நம் லைன் வீட்டு வாசல்களில் பூ இல்லாமல் இல்லை. டேலியா இருக்கிறது, ஜெரேனியம் இருக்கிறது, ரோஜா இருக்கிறது, ஹைட்ராஞ்சியா இருக்கிறது. ஆனால் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? காலையில் பிள்ளைக்கு டிபன் கட்டி, தண்ணீர் பிடித்து, ஓடுகிற ஓட்டத்தில் செடியைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை. திரும்பி வரும்போது வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் பார்க்கலாம், அன்றைக்கும் துணி துவைக்கிற வேலை. நாம் வளர்க்கிற பூவை நாம் தவிர எல்லோரும் பார்க்கிறார்கள். சாயங்காலம் பூக்கிற செடியானால், நாம் வீட்டில் இருக்கிற நேரத்தில் அதுவும் விழித்திருக்கிறது.

உதகை தாவரவியல் பூங்காவில் 1896-லிருந்து மலர்க்காட்சி நடக்கிறது. நம்மில் பலர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருப்போம். அங்கே எல்லாம் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிகிற பூதான். நாங்கள் சொல்லப்போகிற செடிகளில் ஒன்றை அங்கே வைத்தால், மதியம் பார்க்கிறவர்கள் களை என்று பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். சாயங்காலம் பூங்காவை மூடிய பிறகுதானே அது மணக்க ஆரம்பிக்கும்!

முதலில் எல்லோருக்கும் தெரிந்த அந்திமந்தாரை. சிலர் அந்திமல்லி என்பீர்கள். பிங்க், மஞ்சள், வெள்ளை, சில செடியில் ஒரே பூவில் இரண்டு நிறம் கலந்தும் வரும். சாயங்காலம் நாலு மணி சுமாருக்கு விரியும், மறுநாள் காலையில் சுருங்கிவிடும். தென் அமெரிக்கா பக்கத்திலிருந்து வந்த செடி என்றாலும், நம் ஊர்களில் எத்தனையோ தலைமுறையாக இருப்பதால் நம்முடைய செடி என்றே ஆகிவிட்டது.

இங்கே தாயகம் திரும்பிய குடும்பங்களைச் சேர்ந்த அம்மாமார்கள் பலர் இருக்கிறீர்கள். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். உங்களுக்காக ஒரு செய்தி. ராபர்ட் நாக்ஸ் என்று ஓர் ஆங்கிலேயர், 1660-லிருந்து 1679 வரை கண்டி ராஜாவின் நாட்டில் சிறைப்பட்டுக் கிடந்தவர். தப்பிப் போய் 1681-ல் இலங்கையைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அதில் நாலு மணிக்கு விரிந்து காலையில் மூடிக்கொள்கிற ஒரு பூவைப் பற்றி எழுதியிருக்கிறார். மேகம் மூடி சூரியன் தெரியாத நாளில் நேரம் பார்ப்பதற்காக மக்கள் அதைக் கடிகாரம் மாதிரி வீட்டுத் தோட்டத்தில் வைத்துக்கொள்வார்களாம். சிங்களத்தில் அந்திமந்தாரையை ஹெந்திரிக்கா என்பார்கள், நாக்ஸ் எழுதியிருக்கிற பெயரும் அதே சாயலில்தான் இருக்கிறது. மேகம் மூடி சூரியன் தெரியாத நாள் என்றால் நம் மலையில் எத்தனை நாள்? ஜூன், ஜூலையில் பாதி மாதம் அப்படித்தானே போகிறது. மழைநாளில் வெளிச்சம் மங்கினால் கொஞ்சம் முன்னாலேயே விரிந்துவிடும், அதனால் பூவை நம்பி பஸ்ஸுக்குக் கிளம்பாதீர்கள்.

அந்திமந்தாரை விதை மிளகு மாதிரி கறுப்பாக இருக்கும். ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, விரல்நுனி ஆழத்துக்கு மண்ணில் அமுக்கிவிட்டால் போதும். ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். மூன்று மாதத்தில் பூக்கும், உதகை பக்கம் குளிரில் இன்னும் கொஞ்சம் தாமதமாகும். செடிக்குச் செடி ஒன்றரை அடி விடுங்கள், புதராகப் படரும். கீழே கிழங்கு வைக்கும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் மேலே உள்ளது கருகிப்போகும். செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். கிழங்கு ஆழத்தில் பத்திரமாக இருந்தால் பனி போனதும் மறுபடி துளிர்க்கும். உறைபனி கடுமையாக விழுகிற பள்ளங்களில் இருப்பவர்கள் கிழங்கைத் தோண்டி உலர்ந்த மண்ணில் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கூட்டத்தில் எங்களை எண்ணிக்கையை நிறுத்தவைத்தது அந்திமந்தாரை இல்லை. அது ஸ்டாக் செடியில் ஒரு வகை. விதைக் கடையில் 'நைட் சென்ட்டட் ஸ்டாக்' என்று முழுப்பெயர் சொல்லிக் கேட்கணும். வெறும் ஸ்டாக் என்று கேட்டால், பூங்கொத்தில் வைக்கிற அடுக்குப்பூ ஸ்டாக் விதையைக் கொடுத்துவிடுவார்கள். அதுவும் நல்ல மணம்தான், ஆனால் இது வேறு. இந்தச் செடி ஒன்று, ஒன்றரை அடிதான் வளரும். இலை ஒல்லி, பூ சின்னது, வெளிறிய ஊதா. பகலில் இதழ் சுருண்டு தொங்கும். பார்த்தால் தண்ணீர் ஊற்றாத செடி என்று நினைப்போம். நினைத்து தண்ணீரை மேலும் மேலும் ஊற்றி அழுகவைத்தவர்களும் உண்டு. பொழுது சாய்ந்தால் இதழ் நிமிரும், இரண்டு டப்பா செடி இருந்தால் வாசல் முழுக்க மணக்கும்.

இதற்கு நம் மலைக்குளிர் ரொம்பப் பிடிக்கும். சமவெளியில் இருக்கிற நம் சொந்தக்காரர்கள் வெயில் காலத்தில் போட்டால் காய்ந்துவிடும், இங்கே நமக்கு அந்தக் கவலை குறைவு. இதை நாற்று விட்டுப் பிடுங்கி நட வேண்டாம், வேர் அசைந்தால் கோபித்துக்கொள்ளும். எங்கே வளரணுமோ அங்கேயே விதையைத் தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டு, நெருக்கமாக முளைத்ததைக் களைத்துவிடுங்கள். இரண்டு மாதத்தில் பூ வரும். மொத்த விதையையும் ஒரே நாளில் போட்டால் ஒரே மாதத்தில் பூத்து முடிந்துவிடும். மூன்று வாரத்துக்கு ஒரு சிட்டிகை, வேறு வேறு டப்பாவில் போட்டு வந்தால் தொடர்ந்து பூ இருக்கும். பகலில் வாசல் வெறிச்சோடித் தெரிகிறதே என்று வருத்தப்படுகிறவர்கள் அதே டப்பாவில் நாலு அலிசமோ, பான்சியோ சேர்த்து விடலாம்.

ஒரு விஷயம், தேயிலை மண் புளிப்பு மண். தேயிலைக்கு அது வேணும். ஸ்டாக்குக்கு வேண்டாம். தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளிப் போட்டால் செடி மஞ்சளித்து நின்றுவிடும். விறகடுப்புச் சாம்பல் ஒரு டப்பாவுக்கு ஒரு கைப்பிடி, மக்கிய சாணி எரு இரண்டு கைப்பிடி கலந்தால் சரியாகும். நாம் குடித்துப் போடுகிற டீத்தூள் சக்கையை மக்கவைக்காமல் கொட்டாதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். இன்னொன்று, ஸ்டாக் முட்டைக்கோஸ் குடும்பத்துச் செடி. கோஸில் வேர் முடிச்சு நோய் வந்த நிலத்தில் இதையும் போடக்கூடாது.

மூன்றாவது நிக்கோடியானா. பெயரே சொல்லும், புகையிலைக்குப் பங்காளி. மூன்று நாலு அடி உயரம், வெள்ளைப் பூ, நீளக் குழாய். கடையில் குட்டையாக, பல நிறத்தில், பகலிலேயே விரிந்திருக்கிற புது ரகங்கள் வருகின்றன. அவை பார்வைக்கு நன்றாக இருக்கும், மணம் பெரும்பாலும் இருக்காது. மணம் வேணும் என்றால் உயரமான, பழைய வெள்ளை ரகம்தான். விதை மூக்குப்பொடி மாதிரி இருக்கும். மணலோடு கலந்து ஈரமண் மேல் தூவி விடுங்கள், மண் போட்டு மூடாதீர்கள், அது முளைக்க வெளிச்சம் வேணும். மழைக்காலத்தில் வெளியில் தூவினால் முதல் மழையிலேயே அடித்துக்கொண்டு போய்விடும், கூரை ஓரத்தில் வையுங்கள். நாலு இலை விட்டதும் எடுத்து நடலாம்.

பெட்டூனியா உங்களுக்குத் தெரியும். வெள்ளையும் கருநீலமும் சாயங்காலம் மணக்கும், சிவப்பில் அவ்வளவு இல்லை. கடைக் கலப்பின ரகத்தில் விதை எடுத்தால் அடுத்த வருடம் அதே பூ வராது, அதனால் ஏமாற வேண்டாம்.

ஏன் இந்தப் பூக்கள் ராத்திரியில் மட்டும் மணக்கின்றன என்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை எங்களைக் கேட்டது. நல்ல கேள்வி. இவற்றுக்கு மகரந்தம் சுமக்கிறது தேனீயும் பட்டாம்பூச்சியும் மட்டும் இல்லை, முக்கியமாக அந்துப்பூச்சி. பருந்து அந்துப்பூச்சி என்று ஒரு வகை, பூவில் உட்காராமல் காற்றில் நின்றபடியே நீளமான நாக்கைக் குழாய்க்குள் விட்டுத் தேன் குடிக்கும். பார்த்தால் தேன்சிட்டு என்று நினைப்போம். இருட்டில் அதற்கு வழி காட்டுவது வெள்ளை நிறமும் மணமும். வாசனை செய்ய செடிக்கும் செலவு உண்டு. விருந்தாளி வருகிற நேரத்தில்தானே நாமும் பலகாரம் சுடுகிறோம், செடியும் அப்படித்தான்.

இந்த நாக்கு நீளத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. மடகாஸ்கர் தீவில் ஓர் ஆர்க்கிட் பூ, அதன் தேன் ஓர் அடி நீளக் குழாயின் அடியில் இருந்தது. இதைப் பார்த்த டார்வின் என்ற அறிஞர், இந்த அளவுக்கு நாக்கு நீண்ட ஓர் அந்துப்பூச்சி அந்தத் தீவில் இருந்தே ஆகணும் என்று 1862-ல் எழுதினார். கேலி செய்தவர்கள் இருந்தார்கள். 1903-ல் அந்தப் பூச்சி பற்றிய விவரம் வெளியானது. அப்போது டார்வின் உயிரோடு இல்லை.

சரி, பாம்புக்கு வருவோம். ஒவ்வொரு குழுவிலும் இதைக் கேட்கிறார்கள். "ராத்திரி வாசனைக்குப் பாம்பு வருமாமே?" பூ வாசனைக்குப் பாம்பு வருவதில்லை. அது எலிக்கும் தவளைக்கும் வரும். செடி புதராக மண்டி, அடியில் குப்பை சேர்ந்து, எலி வளை வைத்தால் எந்தச் செடியாக இருந்தாலும் பாம்பு வரலாம். அதனால் அந்திமந்தாரையைக் கதவை ஒட்டி வைக்காமல் இரண்டு அடி தள்ளி வையுங்கள், கீழ்க்கிளைகளைக் கழித்துவிடுங்கள், அடியைக் கூட்டி வையுங்கள்.

நம் மலையில் பாம்பைவிடப் பெரிய கவலை காட்டெருமையும் கரடியும், கூடலூர் பக்கம் யானையும். இதை நாங்கள் விளையாட்டாகச் சொல்லவில்லை. பூ பார்க்கிறேன், தண்ணீர் ஊற்றுகிறேன் என்று இருட்டிய பிறகு வேலியோரம் போகவே கூடாது. டப்பா எல்லாம் வாசலிலோ, ஜன்னலுக்குக் கீழேயோ இருக்கட்டும். தண்ணீரைக் காலையிலேயே ஊற்றிவிடுங்கள். வாசல் விளக்கு எரிந்தால் அந்துப்பூச்சி விளக்கையே சுற்றிக்கொண்டு பூவுக்கு வராது என்று படித்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் கரடி நடமாடுகிற லைனில் விளக்கை அணைக்கச் சொல்ல எங்களுக்கு மனம் வராது. பூச்சி வராவிட்டாலும் பூ மணக்கும்.

அடுத்து, விஷம். நிக்கோடியானா செடி முழுக்க நிக்கோடின் உண்டு. அந்திமந்தாரை விதையும் கிழங்கும் விஷம்தான், மிளகு என்று நினைத்து குழந்தை வாயில் போட்டுவிடும். எல்லாவற்றையும்விட மோசமானது, உதகை, குன்னூர் சாலை ஓரமெல்லாம் எக்காளம் மாதிரிப் பெரிய பூவாகத் தலைகீழாகத் தொங்குகிறதே, அது. ஊமத்தைக்குச் சொந்தம். சாயங்காலம் அருமையாக மணக்கும். கிளையை ஒடித்து நட்டால் வந்துவிடும், காசும் இல்லை. அதனால்தான் பலர் வைக்கிறார்கள். வேண்டாம். இலை, பூ, விதை எல்லாம் விஷம். குழந்தைகள் காப்பகம் பக்கத்திலும், கைக்குழந்தை உள்ள வீட்டிலும் கட்டாயம் வேண்டாம். தப்பித்தவறி ஒரு பிள்ளை எதையாவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கிற வேலையெல்லாம் செய்யாமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், தின்ற செடியில் ஒரு கொத்து பறித்து டாக்டரிடம் காட்ட எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டில் இழுப்பு உள்ளவர்கள் இருந்தால் மணக்கிற செடியை அவர்கள் படுக்கிற ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள்.

மண் எடுப்பதிலும் கவனம் வேணும். உருளைக்கிழங்கு போட்ட நிலத்து மண்ணைப் பூச்செடிக்கு எடுக்காதீர்கள். 1961-ல் நம் உதகையில்தான் உருளைக்கிழங்கைத் தாக்குகிற நூற்புழு இந்தியாவிலேயே முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் புழுவின் முட்டைக்கூடு மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். நாம் அந்த மண்ணோடு ஒரு தொட்டியை அடுத்த ஊருக்கு விற்றால் புழுவையும் சேர்த்து விற்றதாகிவிடும். நம் அக்காமார்கள் பலருக்குக் கிழங்குதான் வருமானம், அவர்கள் நிலத்துக்குக் கெடுதல் செய்யக்கூடாது. அதே மாதிரி, அந்திமந்தாரை தானாக விதை கொட்டிப் பரவும். காட்டு ஓரம் வீடு இருப்பவர்கள் வேலி தாண்டி முளைத்ததைப் பிடுங்கிவிடுங்கள். உண்ணிச்செடியும் ஒரு காலத்தில் அழகுக்குக் கொண்டுவந்த செடிதான். இன்றைக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், அது என்ன பாடுபடுத்துகிறது என்று.

விதைக்கிற காலம் ஊருக்கு ஊர் மாறும். உதகை 2,240 மீட்டர் உயரம், குன்னூர் 1,850 மீட்டர். உதகை, கேத்தி பக்கம் உறைபனி போன பிறகு, பிப்ரவரி கடைசி, மார்ச்சில் போடுங்கள். குன்னூர், கோத்தகிரி பக்கம் கொஞ்சம் முன்னாலேயே ஆரம்பிக்கலாம், ஆனால் அக்டோபர், நவம்பர் மழையை மனதில் வையுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்கு மழை அடித்து ஓய்ந்த பிறகு போடுவதுதான் நல்லது. மழையில் ஓடில்லாத நத்தை வரும், ஒரே ராத்திரியில் நாற்று முழுவதையும் மொட்டை அடித்துவிடும். டப்பாவைச் சுற்றிச் சாம்பல் தூவுங்கள், நனைந்தால் மறுபடி தூவுங்கள். டார்ச் அடித்து வாசலிலேயே கையால் பொறுக்குவதுதான் நிச்சயமான வழி. ஒன்றிரண்டு புழு இலையைத் தின்றால் மருந்து அடிக்க வேண்டாம், ராத்திரி வருகிற அந்துப்பூச்சியின் பிள்ளையாகவும் இருக்கலாம். மார்ச், ஏப்ரலில் குடிக்கவே தண்ணீர் இல்லாதபோது செடிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். அரிசி கழுவின தண்ணீர் போதும். சோப்புத் தண்ணீர் வேண்டாம்.

டப்பாவுக்கும் காசு வேண்டாம். பெயிண்ட் டப்பா, எண்ணெய் டின், உடைந்த குடம், எதுவானாலும் அடியில் ஓட்டை போடுங்கள். நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக்குக்குக் கட்டுப்பாடு இருப்பது தெரியும், நாற்றுக்குப் பழைய செய்தித்தாளைக் குழாயாகச் சுருட்டி மண் நிரப்பினால் போதும், அப்படியே நட்டுவிடலாம்.

விதை எடுக்கிறதுதான் நம்மவர்கள் விட்டுவிடுகிற வேலை. ஒவ்வொரு வருடமும் கடைக்குக் காசு கொடுப்பானேன்? அந்திமந்தாரை விதை தானே கறுத்து உதிரும். ஸ்டாக் காய் ஒல்லியாக, நீளமாக வரும், பழுப்பானதும் காலை வெயிலில் பறித்து நிழலில் காயவையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடித்துவிடும் என்பதால் காகிதப் பொட்டலத்தில் மடித்து, பெயரும் தேதியும் எழுதி, மூடி இறுகின டப்பாவில் கொஞ்சம் வறுத்த அரிசியோடு போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிந்து வைத்தால் வேர்த்துக் கெட்டுவிடும். எழுதத் தெரியாது என்று யாரும் விட்டுவிட வேண்டாம், பொட்டலத்தில் பூவை வரைந்து வைத்தாலும் போதும். எங்கள் அலுவலகத்தில் பெயர் எழுதாமல் வைத்த பொட்டலம் ஆறு இருக்கிறது, என்ன விதை என்று எங்களுக்கே தெரியாது!

இதில் எவ்வளவு வருமானம் வரும் என்று கேட்கப்போகிறீர்கள். உள்ளதைச் சொல்லிவிடுகிறோம். இது தொழில் இல்லை. நம் மலையில் பாலிஹவுஸ் போட்டு, லட்சக் கணக்கில் கடன் வாங்கி, கார்னேஷன் வளர்த்து, விலை விழுந்தபோது தவணை கட்ட முடியாமல் தவித்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ராத்திரிப் பூவைப் பறித்து மார்க்கெட்டுக்கும் அனுப்ப முடியாது, பறித்தால் வாடிவிடும். ஏப்ரல், மே சீசனில் சாலையோரக் குழுக்கள் நாற்று விற்கலாம். ஆனால் சுற்றுலா வருகிறவர்கள் பகலில்தான் வருகிறார்கள், வாடித் தொங்குகிற செடியைக் காட்டி ராத்திரி மணக்கும் என்றால் நம்புவார்களா? தங்கும் விடுதிகளில் சாயங்காலம் விருந்தினர் உட்காருகிற இடத்துக்கு இரண்டு குழுக்கள் தொட்டி கொடுத்திருக்கின்றன. கைச்செலவுக்கு ஆகிறது, அவ்வளவுதான். எனவே பெரிய கடன் யாரும் கேட்க வேண்டாம். 200, 300 ரூபாய் கேட்டால் குழு சிரிக்காமல் ஒரு தடவை யோசிக்கட்டும். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டால் 'இதர' என்று எழுதுங்கள், தணிக்கையில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இனி அந்த அக்காவின் மீதிக் கதை. கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு நாங்கள் கேட்டோம், "கடனும் கிடைக்கலை, எப்படிக்கா செஞ்சீங்க?" அந்திமந்தாரை பக்கத்து லைன் பாட்டி கொடுத்தது. ஸ்டாக் விதை ஒரே ஒரு பாக்கெட், போனஸ் வந்தபோது வாங்கியது. பலகை அடிக்கவே இல்லை, செங்கல்தான். "பூ மேல அவ்வளவு ஆசையா?" என்று கேட்டுவிட்டோம். கேட்டிருக்கக் கூடாது.

அவங்க சொன்னாங்க: "அவர் போன அன்னைக்குத் தலையில இருந்த பூவை எடுத்தாங்க. அதுக்கப்புறம் கல்யாண வீட்டுல தட்டுல பூ நீட்டுறவங்க என்னைத் தாண்டி அடுத்த ஆளுக்கு நீட்டுறாங்க. நான் ஒண்ணும் கேக்கலை. தலையில வைக்கிறதைத்தானே வேண்டாம்னாங்க. வாசல்ல பூக்கிறதை யாரு என்ன சொல்ல முடியும்? கதவைச் சாத்தினாலும் உள்ள வருதே."

பொட்டு, பூ பற்றி எத்தனையோ பயிற்சியில் பேசியிருக்கிறோம். சார்ட் மாட்டி, பாட்டுப் பாடிப் பேசியிருக்கிறோம். அன்றைக்கு எங்களுக்குப் பேச ஒன்றும் இல்லை. டீ கொடுத்தாங்க, குடித்துவிட்டு வந்தோம்.

அடுத்த மாதக் கூட்டத்தில், அன்றைக்கு முதலில் சிரித்தவர் எழுந்து, அந்த 600 ரூபாயை இப்போது கொடுக்கலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார். எல்லோரும் கையெழுத்து போட்டாங்க. அக்கா மட்டும் வேண்டாம் என்றுவிட்டாங்க. "இப்ப எனக்குக் கடன் தேவையில்லை. வேணும்னா ஆளுக்கு ஒரு பொட்டலம் விதை வாங்கிக்குங்க" என்றாங்க. அந்தக் குழுவில் இப்போது பதினொரு வாசலில் இந்தச் செடி இருக்கிறது. மீதி மூன்று பேரில் ஒருவருக்கு வாசனை ஒத்துக்கொள்ளவில்லை, ஒருவர் வீட்டு டப்பாவை ஆடு தின்றுவிட்டது, இன்னொருவர் விதையை எங்கே வைத்தோம் என்று இன்னும் தேடுகிறார். ஒன்றிரண்டு பேருக்கு மாலையில் தண்ணீர் பிடிக்க வரும்போது அங்கேயே உட்கார்ந்து பேசுகிற பழக்கமும் வந்திருக்கிறது. கூட்டத்தையும் சாயங்காலத்துக்கே மாற்றிக்கொண்டார்கள், அதனால் எங்களுக்குத்தான் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற கஷ்டம்.

அந்த அக்கா இன்றைக்கு இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறாங்க. எங்கே உட்கார்ந்திருக்கிறாங்க என்று சொல்லக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாங்க. கதவுக்குப் பக்கத்தில் மேஜை மேல் இருப்பது அவங்க எடுத்த விதைதான். அந்திமந்தாரை நாற்பது பொட்டலம், ஸ்டாக் இருபத்தைந்து. ஒன்று 5 ரூபாய், பணம் அவங்களுக்கு. குழுவுக்கு இரண்டு பொட்டலத்துக்கு மேல் எடுக்க வேண்டாம், தூரத்திலிருந்து வந்தவர்கள் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் குழுப் பெயரை எழுதிக் கையெழுத்து போட்டுவிட்டு எடுங்கள். சாப்பாடு தயாராக இருக்கிறது, மதியத்துக்கு மேல் தணிக்கை பற்றிப் பேச வேண்டியிருக்கிறது, யாரும் நழுவிவிடாதீர்கள்.